முன்னால போறேன், மாங் ஊரோ

சாவு வீட்டில் யாரும் யாரையும் வழியனுப்ப மாட்டார்கள். வந்தவன் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட வேண்டும், அதுதான் முறை. ஃபெர்மினும் அப்படித்தான் எழுந்தான். எழுந்தவன் சவப்பெட்டியின் கண்ணாடி வழியே இன்னொரு தடவை குனிந்து பார்த்தான். மாங் ஊரோவுக்கு மீசையைச் சீவி விட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை அந்த மீசை சீப்பைப் பார்த்ததில்லை.

பதினோரு வருஷம் அவரிடம் வேலை பார்த்தவன், அந்த முகத்தை இவ்வளவு நேரம் நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

'மாங்' என்பது பெரியவருக்கான மரியாதை. அவருடைய முழுப் பெயரான ரோசாரோ கியாம்பாவோ என்றால் காமிக்ஸ் புத்தகம் கையில் எடுத்த எவருக்கும் தெரியும். யுத்தம் முடிந்த வருஷம் அவர் சினிமாக் கொட்டகைகளுக்கு ஆள் உயரப் பலகை எழுதிக்கொண்டிருந்தார். அங்கிருந்து காமிக்ஸுக்கு வந்தார். இருபது வருஷத்தில் முப்பது தொடர்கதை வரைந்தார், அதில் ஆறு சினிமாவாகக்கூட வந்தது. அவர் வரைந்த பெண்களைப் பார்த்துத்தான் தோண்டோ பேட்டையில் பாதிப் பெண்கள் புருவம் தீட்டிக்கொண்டார்கள். கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "வாரா வாரம் ஒருத்தியைக் காப்பாத்தறேன், அது போதாதா?" என்பார்.

ஆனால் அவர் வரைந்தது முகங்களையும் கைகளையும் மட்டும்தான். அது வெளியே தெரியாது. காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே இருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வரும். உப்புப் போட்டுக் காயவைத்த சீனப் பிளம்பழம், கியாமோய், அதன் கொட்டையைப் பல்லில் தட்டிக்கொண்டேதான் அவருக்கு வேலை ஓடும். பத்து மணிக்குக் கதவு திறக்கும். தாள் ஃபெர்மின் கைக்கு வரும். வெறும் வெள்ளைத் தாளில் முகங்களும் கைகளும் மட்டும் மிதந்துகொண்டிருக்கும். ஒருத்தி அழுவாள், ஒருவன் கத்தியை ஓங்குவான், இரண்டு பேருக்கும் நடுவே ஒன்றுமே இருக்காது. ஃபெர்மின்தான் அவர்களுக்கு உடம்பு கொடுக்க வேண்டும். துணி, சுவர், தென்னை மரம், படகு, மழை எல்லாம் அவன் கை. மழைக்கு அவனை விட்டால் ஆள் இல்லை என்று பதிப்பகத்திலேயே பேச்சு. முகம் எப்படி வரைகிறார் என்று மட்டும் அவர் ஒரு நாளும் காட்டவில்லை. இவனும் கேட்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனுக்கு, கையில் பேனா கொடுத்ததே பெரிசு என்று இருந்துவிட்டான்.

வாசலில் மிசிஸ் சால்வோசா விசிறியோடு நின்றிருந்தாள். பதிப்பாசிரியை. கறுப்பு உடுப்பு போட்டிருந்தாலும் முகத்தில், புத்தகம் அச்சுக்குப் போகும் வியாழக்கிழமைக் கவலைதான் இருந்தது.

"ஃபெர்மின், ஆம்பரோ கதைக்கு இன்னும் நாலு அத்தியாயம் பாக்கி. கதை எழுதறவர் கடைசி வரைக்கும் எழுதிக் குடுத்துட்டார். இந்த வாரம் மாங் ஊரோ போட்டோவைப் போட்டு ஒப்பேத்திடறேன். அடுத்த வாரத்திலேருந்து நீ."

"முகம் நான் வரைஞ்சதில்லீங்க மிசிஸ்."

அவள் விசிறியை நிறுத்தினாள். "என்ன சொல்றே?"

"நான் மழை போடறவன்."

"பதினோரு வருஷம் பக்கத்துல உக்காந்து என்ன பண்ணினே, சாமி கும்பிட்டியா? நாலும் சரியா வந்தா கடைசி அத்தியாயத்துல உன் பேரைப் போடறேன். அதுக்கப்புறம் வர்ற கதையும் உன்னுது. வரலேன்னா சொல்லிடு, செபூவிலேருந்து ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்."

தன் பெயர் அச்சில். ஃபெர்மின் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். இருபத்தாறு வயதுவரை அந்தப் பெயரை எழுதத் தெரியாமல் கைநாட்டு வைத்தவன் அவன்.

வெளியே மழை விட்டிருந்தது. சாவு வீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. வழியில் எங்கேயாவது உட்கார்ந்து, கூடவே வந்த செத்தவரை உதறிவிட்டுத்தான் போக வேண்டும். சிலர் காப்பிக் கடைக்குப் போவார்கள், சிலர் சினிமாவுக்கு. ஃபெர்மின் ஹுவான் லூனா தெருவில் இருந்த ஆலிங் இஸ்காவின் வாடகைக் காமிக்ஸ் கடைக்குப் போனான். கயிற்றில் துணி காயப்போட்டது மாதிரி புத்தகங்கள் தொங்கும். எதிரே ஒரு நீள பெஞ்சு, அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூட்டை தூக்கிய காலத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்த பெஞ்சில்தான் அவன் படம் பார்த்தான். பிறகு, அந்தப் பெண் எதற்கு அழுகிறாள் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று, வாயருகே வரைந்த பலூனுக்குள் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக இஸ்காவிடம் கேட்டு மனப்பாடம் செய்தான். அப்படி வந்ததுதான் அவனுடைய படிப்பு.

ஒரு புத்தகம் எடுத்து ஒரு வரியும் ஓடாமல் புரட்டினான். அரை மணி கழித்து எழுந்து, சட்டையை இரண்டு தடவை உதறினான். அப்போது வாய் தன்பாட்டுக்குப் பேசிவிட்டது.

"நான் முன்னால போறேன், மாங் ஊரோ."

பதினோரு வருஷப் பழக்கம். சாயந்திரம் வேலை முடிந்து கிளம்பும்போது சாத்திய கதவைப் பார்த்துச் சொல்லும் வார்த்தை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். நான் முன்னால் போகிறேன், நீங்கள் இருங்கள் என்று அர்த்தம். உள்ளே இருந்து கொட்டை ஒரு தடவை டிக் என்னும். சரி என்று எடுத்துக்கொண்டு இவன் போவான்.

இஸ்கா நிமிர்ந்து பார்த்தாள். "யாருகிட்ட பேசறே?"

"யாருகிட்டயும் இல்ல."

*

முதல் அத்தியாயத்தை ஃபெர்மின் மூன்று நாளில் முடித்தான். உப்பங்கழி, படகுத் துறை, கடலில் காணாமல் போன அப்பனைத் தேடி வந்த ஆம்பரோ, அவள் பாவாடையில் காற்று. எல்லாம் உயிரோடு இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடங்கள் மட்டும் ஓட்டையாக இருந்தன. முன்பெல்லாம் முகம் இருக்கும், உடம்பு இருக்காது. இப்போது தலைகீழாகிவிட்டது.

பென்சிலை வைப்பான். கண் வரும், மூக்கு வரும், மொத்தத்தில் யாருமே வர மாட்டார்கள். அழிப்பான். தாள் தேய்ந்து பஞ்சு கிளம்பியது.

மனைவி லூடிங் அரிசி களைந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். "முட்டை போட்டு வெச்சிருக்கியே, எப்ப பொரிக்கும்?"

"சும்மா இருடி."

"இல்ல, கேக்கறேன். இந்த முட்டைக்கு முத்தம் குடுக்கிற மாதிரி ஒரு முட்டை நிக்குதே, அது கதாநாயகனா?"

அவன் சிரிக்கவில்லை. அவளும் அதற்குமேல் விளையாடவில்லை. அந்தப் பெயர் அச்சில் வருவதை அவள் எவ்வளவு எதிர்பார்த்தாள் என்பது அவனுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டாள்.

மாங் ஊரோ செத்த ஒன்பதாம் நாள் மத்தியானம் ஆலிங் இஸ்கா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. கையிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் படியில் வைத்துப் பிரித்தாள். கியாமோய்க் கொட்டைகள். பதினைந்து இருபது இருக்கும். ஈரம் காயவில்லை.

"உன் ஆளு துப்பினது," என்றாள். "பெஞ்சுக்கு அடியில."

"யாராச்சும் தின்னுட்டுப் போட்டிருப்பாங்க, ஆலிங் இஸ்கா."

"என் கடையில தின்னக் கூடாதுன்னு பலகை எழுதினது யாரு? நீதான். ஃபெர்மின், அந்த ஓரத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க. மீன்கார நெனாங் உக்காந்தா. படிச்சு முடிக்கறதுக்குள்ள பக்கம் தானா திரும்புது, யாரோ என் தோளுக்கு மேல படிக்கறாங்கன்னு கத்திட்டு ஓடிட்டா. வேற புத்தகம்னா ஒண்ணும் இல்ல. அவரு வரைஞ்ச புத்தகத்தை எடுத்தா மட்டும்தான். காலையிலேருந்து டிக்கு டிக்குனு பல்லிமாதிரி ஒரு சத்தம். நீ அன்னிக்கு எந்திரிச்சப்ப என்ன சொன்னே?"

ஃபெர்மின் ஒரு கொட்டையை எடுத்து விரலில் உருட்டினான்.

"முன்னால போறேன்னு சொன்னே. என் காதால கேட்டேன். அவரு மரியாதை தெரிஞ்ச மனுஷன், இருன்னா இருக்காரு. உதற வேண்டியவரை உக்கார வெச்சுட்டுப் போயிருக்கே. உன் ஆளை நீ கூட்டிட்டுப் போ, எனக்கு அந்தக் கடையை விட்டா வேற கதியில்ல."

அவள் போன பிறகு லூடிங் கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போகாதே," என்றாள். "பாதிரியாரைக் கூப்பிட்டுத் தண்ணி தெளிக்கச் சொல்லு. வீட்டுக்கு வந்த செத்தவர் தனியாத் திரும்ப மாட்டாரு. ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுத்தான் போவாரு. என் சித்தப்பா வீட்டுல நடந்ததை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"நாப்பதாம் நாள் எப்படியும் போயிடுவாரு. எல்லாரும் போறாங்க."

"அதுவரைக்கும்?"

அவன் மேஜையைப் பார்த்தான். முகமில்லாத ஆம்பரோ படகில் நின்றிருந்தாள். லூடிங்கும் அதையே பார்த்தாள். "அவரை வெச்சு வேலை வாங்கலாம்னு பாக்கறியா?" என்று கேட்டாள்.

அவன் குடையை எடுத்தான்.

*

இஸ்கா கடைக்குள் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். ஃபெர்மின் பெஞ்சின் ஓரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பலகை வெதுவெதுப்பாக இருந்தது. கடைசியில் எழுந்து, "வாங்க மாங் ஊரோ, வீட்டுக்குப் போலாம்," என்றான்.

நடக்கத் தொடங்கியதும் இடது தோளில் கனம் ஏறியது. கனம் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஐம்பது கிலோ சர்க்கரை எப்படி உட்காரும், சிமெண்டு எப்படி உட்காரும் என்று தோள் சொல்லும். இது அரை மூட்டை அரிசிகூட இராது. ஆனால் மூட்டை மூச்சு விடாது.

நேரே போக வேண்டும். எங்கேயும் நிற்கக் கூடாது. நின்றால் அங்கே இறங்கிவிடுவார். அதற்கென்றே காத்திருந்த மாதிரி தெருமுனையில் நாலு பேர் கூரைக்கடியில் ஜின் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பழைய துறைமுகக் கூட்டாளிகள்; ஒருவரை ஒருவர் 'பாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"பாரே! வா, ஒரு கிளாஸ்!"

"அவசரம் பாரே."

"ஏன், பெரிய ஆளாயிட்டே, எங்க கிளாஸ் நாறுதா?"

"நாளைக்கு வரேன்!"

"பாரு, நடையைப் பாரு! மூட்டை தூக்கற மாதிரியே போறான். இன்னும் பழக்கம் விடல அவனுக்கு!"

அவர்கள் சிரிப்பு முதுகில் பட்டது. அவன் நிற்கவில்லை. ஜீப்னி வண்டி வந்தபோது நிற்காமல், ஓட்டுநரின் வசவை வாங்கிக்கொண்டே குறுக்கே கடந்தான். வீட்டு வாசலில் லூடிங் கையில் உப்புக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், தோளைப் பார்க்கவில்லை. உப்பைத் தெளிக்காமல் வழி விட்டாள். மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி ஏற்கெனவே போட்டிருந்தாள்.

மறுநாள் காலை ஃபெர்மின் மேஜையில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் நினைவு வந்தது, மாங் ஊரோ யாரும் பார்க்க வரைய மாட்டார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். எதிர் வீட்டுக் கொடியில் ஒரு நீலச் சட்டை நனைந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தான். பக்கத்து நாற்காலியில் டிக் என்றது. கை நகர்ந்தது. அடுப்படியில் லூடிங் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று காதைப் பொத்திக்கொண்டாள்.

பத்து மணிக்குச் சத்தம் நின்றது. தாளைப் பார்த்தான். ஆம்பரோ அழுதுகொண்டிருந்தாள். அதே புருவம், அதே ஈரம்.

மூன்று அத்தியாயங்கள் அப்படியே போயின. மிசிஸ் சால்வோசா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மழை போடறவனாம், மழை! பொய்க்காரா," என்றாள். அச்சாபீசில் தோளைத் தட்டினார்கள். ஆனால் ஃபெர்மின் இளைத்துக்கொண்டு வந்தான். சோற்றில் உப்பு போதவில்லை என்று அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டான். ஒரு நாள் வாயில் ஒன்றும் இல்லாமலே பல்லில் டிக் என்று தட்டினான். லூடிங் கரண்டியைக் கீழே போட்டாள்.

"இன்னொரு தடவை அதைச் செஞ்சே, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

"எதை?"

அவனுக்கே தெரியவில்லை.

*

நாற்பதாம் நாளன்று கடைசிப் பக்கம் இருந்தது. கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. கதைத்தாளில் இப்படி எழுதியிருந்தது: ஆம்பரோ கடலுக்குள் இறங்குகிறாள். கடைசியாக ஒரு தடவை கரையைத் திரும்பிப் பார்க்கிறாள். முகம் பெரிதாக.

காலை ஒன்பது மணி இருக்கும். கடலையும் அலையையும் முந்தின நாளே போட்டு முடித்திருந்தான். ஃபெர்மின் ஜன்னலைப் பார்த்தான். பென்சில் நகர்ந்தது. பக்கத்தில் டிக், டிக். இன்றோடு போய்விடுவார். அடுத்த வாரம் புதுக் கதை, தன் பெயரில். அப்போது யார் கை நகரும்? இன்றைக்குப் பார்க்காவிட்டால் இனி எப்போதும் பார்க்கப் போவதில்லை. பதினோரு வருஷமாக ஒரு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த கழுத்து, மெல்லத் திரும்பியது.

பார்த்தான்.

ஒன்றுமே இல்லை. பென்சில் முதலில் இமையை லேசாகப் போட்டது. மூக்குக்கு அடியில் கொஞ்சம் நிழல். அப்புறம் சும்மா நின்று யோசித்தது. தப்பாக ஒரு கோடு போட்டு, அதன்மேல் இன்னொரு கோடு போட்டது. அவனும் அப்படித்தான் செய்வான். முட்டை முட்டையாக வந்த அந்த நாட்களிலும் அப்படித்தான் செய்தான். இதைக் காட்டுவதற்கு வெட்கப்பட்டுத்தானா இருபது வருஷம் அந்த மனுஷன் கதவைச் சாத்தினார்?

சத்தம் நின்றது. கை அவனுடையதாகிவிட்டது. பக்கத்து நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டு, பாரம் இறங்கிய மாதிரி ஓய்ந்தது. வாசல் பக்கம் காற்று ஒரு தடவை திரும்பியது. போகிறவர் சொல்லிக்கொள்ள நிற்பதுபோல் இருந்தது.

யாராவது 'முன்னால போறேன்' என்றால் பதிலுக்குச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. பிறந்ததிலிருந்து நூறு தடவை, ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. வாய் அதற்குப் பழகிக் கிடந்தது.

"சரி, நீங்க முன்னால போங்க மாங் ஊரோ," என்றான் ஃபெர்மின். "நான் பின்னாலயே வரேன்."

அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. லூடிங் வந்து நின்றாள். கையிலிருந்து கஞ்சி சொட்டியது.

"என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"பின்னால வரேன்னு சொன்னே."

"சும்மா வாயில வந்தது, லூடிங்."

"சும்மா வருமா? அன்னிக்கும் சும்மாத்தானே வந்தது!" அவள் வாசலுக்கு ஓடினாள். தெருவில் யாரும் இல்லை. "வர மாட்டான்!" என்று வெறும் தெருவைப் பார்த்துக் கத்தினாள். "கேட்டீங்களா, மாங் ஊரோ? அவன் வர மாட்டான்!" எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். தெருவிலிருந்து பதிலாக ஒரு சத்தமும் வரவில்லை.

ஃபெர்மின் பாதி முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முடிக்கலாம். எப்படி என்று இப்போது தெரியும். ஆனால் அந்த இமைகள் அவனைப் பார்த்துக் காத்திருந்தன. ரப்பரை எடுத்து அழித்தான். ஆம்பரோவைத் திருப்பி நிறுத்தினான். முதுகு, நனைந்த ரவிக்கை, இடுப்புவரை இறங்கிய கூந்தல், அவள்மேல் மழை. முதுகு வரைய அவனுக்கு யாருடைய உதவியும் வேண்டியதில்லை. கூந்தலுக்குக் கறுப்பு மையை இரண்டு பூச்சுப் பூசினான்.

மிசிஸ் சால்வோசா தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "திரும்பிப் பாக்கறாள்னு எழுதியிருக்கு. முகம் எங்க?"

"அவ திரும்பலீங்க மிசிஸ்."

"யாரைக் கேட்டுத் திரும்பல?"

"போறவங்க திரும்ப மாட்டாங்க."

அவள் மறுபடியும் பார்த்தாள். கொஞ்ச நேரம் விசிறியைத் தேடுகிறமாதிரி மேஜையைத் துழாவினாள். பிறகு கீழே இருந்த பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினாள்.

*

புத்தகம் வந்த அன்று ஆலிங் இஸ்கா அதை முதல் கொக்கியில் மாட்டியிருந்தாள். ஃபெர்மினைக் கண்டதும் எடுத்து விரித்து, தெருவுக்கே கேட்கும்படி படித்தாள். "ஓவியம்: ஃபெர்மின் டிமசூபில்! பாத்தியா, உன் பேருக்கு எத்தனை எழுத்து! நான் சொல்லிக் குடுத்த எழுத்து எல்லாம் இருக்கு."

அவன் சிரித்தான். பெஞ்சு ஓரத்தில் மீன்கார நெனாங் நிம்மதியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அவள் தலை தூக்கி, "அண்ணே, கடைசிப் படம்தான் பயமா இருக்கு," என்றாள்.

"ஏன், முதுகுதானே?"

"முதுகுதான். ஆனா அவ நம்மளைப் பாக்கறாளே."

வாங்கிப் பார்த்தான். மலிவுக் காகிதத்தில் மை ஊறி, கூந்தலின் கறுப்புக்குள் அழுந்திப் போன பென்சில் தடம் எழுந்திருந்தது. இரண்டு இமைகள். மூக்குக்கு அடியில் கொஞ்சம் நிழல். முடிக்காத முகம், கூந்தலுக்குப் பின்னாலிருந்து கரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாருக்கோ காத்திருக்கிற பார்வை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

"போறியா?" என்றாள் இஸ்கா. "ரெண்டு நாழி உக்காரேன், உன் பேரை இன்னும் நாலு பேருக்குக் காட்டணும்."

லூடிங் அன்று காலைதான் கண்டித்துச் சொல்லியிருந்தாள். முன்னால போறேன் என்றும் சொல்லக் கூடாது, பின்னால வரேன் என்றும் சொல்லக் கூடாது. அவன் வாயைத் திறந்தான். இரண்டையும் விட்டால் அந்த ஊரில் விடைபெற வேறு வார்த்தை இல்லை. கையை மட்டும் ஆட்டிவிட்டு, சாவு வீட்டிலிருந்து போகிறவன் மாதிரி, ஒன்றும் சொல்லாமல் மழையில் இறங்கி நடந்தான்.